இருபது மைக்ரான்

கவுனாஸுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்.
கரண்டியால் மரப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி
ஒரு சத்தம்.
முடுக்கினால் விரைந்தது, காலை எடுத்தால் தயங்கியது.
வேறு யாராவது என்றால்
ரேடியோவைக் கூட்டி வைத்திருப்பார்கள்.
நான் நியூட்ரலுக்குத் தள்ளி, இன்ஜினை அணைத்து,
பிர்ச் மரங்களின் ஓரமாக உருட்டி நிறுத்தினேன்.
எந்த சிலிண்டர் என்பதுகூட எனக்குத் தெரியும்.

ஐந்நூற்றுப் பத்து குதிரைத்திறன்.
நான்கு கதவுகள். பின்சீட்டில்
குழந்தை நாற்காலியை மாட்டக் கொக்கி.
விற்பனைத் தாளில் இவ்வளவும் அச்சாகியிருந்தது.
பேரிங்கின் இடைவெளியை எந்தத் தாளிலும் போடுவதில்லை.

ஹைல்ப்ரோனில், ஒரு வியாழக்கிழமை,
மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே திராட்சைச் சரிவு.
பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே
இன்னும் இருபது மைக்ரான் கேட்டேன்.
ஒரு தலைமுடியில் கால்வாசி.

இடைவெளி கூடினால் எண்ணெய் அதிகம் வழியும்
என்றான் டெட்லெஃப்.
வழிந்தால் பெரிய பம்ப் வேண்டும்.
பம்ப் பெருத்தால் கிலோமீட்டருக்கு
அரை கிராம் புகை கூடும்.
அரை கிராமில்
மொத்த மாடலும் அடுத்த வரிப்படிக்கு ஏறிவிடும்.
அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.
அதுதான் சங்கடம்.
அந்த அறையில் அயோக்கியர் யாருமே இல்லை.
ஒருவருக்கு இரைச்சல் குறைய வேண்டும்.
ஒருவருக்கு பானெட் தாழ வேண்டும்,
குறுக்கே வந்து விழும் யாரோ ஒருவரின் மண்டைக்காக.
ஆளுக்கொரு மில்லிமீட்டர் கேட்டோம்,
எல்லோரும் ஒரே இடத்திலிருந்து.

நிதிப் பிரிவின் உல்ரிகே நிமிர்ந்தாள்:
"முதல் உரிமையாளர் எத்தனை வருஷம் வைத்திருப்பார்?"
"மூன்று."
காபி வந்தது.
நானும் கையெழுத்துப் போட்டேன்.

இது ஒன்பதாவது வருஷம்.

ரிம்கவுதாஸின் ஷெட்டில்
இன்ஜின் சங்கிலியில் தொங்கியது.
உள்ளங்கையை நீட்டினான்.
அதில் ஓர் அரைவளையம்:
வெள்ளிப்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது,
சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் செங்கல் மாதிரி.
"கிராங்க் பிழைத்தது. நல்ல நேரத்தில் அணைத்திருக்கிறீர்கள்.
எப்படித் தெரிந்தது?"
"சத்தம் பிடிக்கவில்லை" என்றேன்.

"இதை வரைந்தவர்கள்," என்றான் உடைந்த ஜெர்மனில்,
"நேரில் கிடைத்தால்..."
ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
"ஒரு பாட்டில் வாங்கித் தருவேன்!
உங்களுடையது நாற்பத்தோராவது.
வீட்டுக் கூரை, மகளின் பல்லுக்குக் கம்பி,
அதோ அந்த லிஃப்ட்,
எல்லாம் இந்த பேரிங் போட்ட சோறு."
வயிறு குலுங்கச் சிரித்தான்.
எனக்கு வாய் ஒத்துழைக்கவில்லை.

அலமாரியிலிருந்து பெயரில்லாத பெட்டி ஒன்றை எடுத்தான்.
போலந்தில் ஒருவரிடம் சொல்லிச் செய்ததாம்.
"கம்பெனி அளவிலேயே போட்டால் மறுபடி வந்து நிற்பீர்கள்.
முதலில் பத்து கூட்டினேன், பத்தவில்லை.
முப்பது கூட்டினேன், எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது.
மூன்று இன்ஜின், என் சொந்தக் காசு.
அப்புறம்தான் பிடிபட்டது."
கிரீஸ் விரலால் மேஜைத் தகரத்தில் எழுதினான்:
20.
"புகைச் சோதனையில் கேட்டால்
என் பெயரைச் சொல்லாதீர்கள்."

பில்லில் ஹைக்கே ஷ்னாபெல் என்று எழுதிக்கொண்டான்.
தொழிலைக் கேட்கவில்லை.
கேட்பான் என்று ஒரு நிமிஷம் நின்றிருந்தேன்.

லாத்வியா எல்லை தாண்டி, ஒரு பெட்ரோல் பங்க்கில்,
ஓய்வுபெற்ற டெட்லெஃபுக்குப் போன் செய்தேன்.
நலம் விசாரிக்கவில்லை.
"இருபது" என்றேன்.
அந்தப் பக்கம் நாய் ஒன்று குரைத்து ஓய்ந்தது.
"அரை கிராம்" என்றான்.

தாலினுக்கு இன்னும் பாதி வழி இருந்தது.
ரேடியோவைப் போடாமலே ஓட்டினேன்.